மைனிக்குக் கிடைத்த சொல்

மைனி அந்தச் சொல்லை முதல் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது மட்டர், அதாவது பச்சைப் பட்டாணி, உரித்துக்கொண்டிருந்தாள். ஜனவரி மாதம். பல நாள் பனிமூட்டத்துக்குப் பிறகு கிடைத்த வெயில் என்பதால் டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கின் மொட்டைமாடி முழுக்கப் பாய்களும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளும் விரிந்து கிடந்தன. நான் எம்.ஏ. உளவியல் முதல் வருடம். வகுப்பில் கேட்டதை அன்றைக்கே யாரிடமாவது ஒப்பிக்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதைக் கேட்க மைனிதான் இருந்தாள். அன்று பாலுறவுச் சிக்கல்கள் பற்றிய பாடம். நான் பாயைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு, கையை வீசி வீசி ஒவ்வொரு பெயராகச் சொல்லி, எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கத்தையும் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். "இதுக்குப் பேரு வஜினிஸ்மஸ் மைனி. ஆசை எல்லாம் இருக்கும். ஆனா அந்த நேரத்துல யோனியைச் சுத்தி இருக்கப்பட்ட தசை தானா இறுகிக்கிடும். கண்ணுகிட்ட வெரல கொண்டு போனா இமை மூடிக்கிடும்லா, அது மாதிரி. மூடாதேன்னு சொன்னா கேக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவிவிட்டேன்.

மைனியின் கை நின்றுபோயிருந்தது.

"அத இன்னொருக்க சொல்லு மக்கா."

சொன்னேன். "வஜினிஸ்மஸ்" என்று அவளும் மெல்லச் சொன்னாள். ஆஸ்பத்திரி வார்டில் மருந்துப் பாட்டிலின் பெயரைச் சீட்டோடு ஒத்துப் பார்க்கிறவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "இது தீருமா?"

தீரும், நிச்சயமாகத் தீரும் என்று என் வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றைக் கீழே வைத்தவள் மாதிரி தோள் இரண்டும் இறங்கியிருந்தன.

அண்ணன் மனைவியை எங்கள் நாகர்கோவில் பக்கம் மைனி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மைனி ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். படிக்க வந்த நான் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் மூன்றாவது ஆள். மைனி வேகமானவள், வாயாடி. ஹிந்தியைத் தமிழ் மாதிரி பேசுவாள், தமிழுக்குள் ஹிந்தியைக் கொட்டுவாள். காய்கறி வண்டிக்காரர் விலையை ஏற்றினால் "பையா, இதென்ன தங்கமா?" என்று பச்சைத் தமிழில் சண்டைக்குப் போவாள். அவரும் அவருடைய பாஷையில் பதில் சொல்லி, கடைசியில் ஒரு கொத்து மல்லித்தழையைச் சும்மா போட்டுவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தமிழ்ப் பூசையில் பாடற்குழுவில் அவள் குரல் தனியாகக் கேட்கும். இப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் ஊமையாக இருந்தாள் என்பது எனக்கு அந்த வெயிலில்தான் தெரிந்தது.

திருமணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று யாராவது கேட்பார்கள். அம்மா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் வேளாங்கண்ணி எண்ணெயும், நேர்ந்துகொண்ட பொருத்தனைகளின் கணக்கும் கூடவே வரும். டாக்டரிடம் போனால் அம்மாவும் போவாள். மருமகளைத் தனியாக அனுப்புவது எங்கள் வீட்டில் அக்கறையில்லாத காரியம். ஒருமுறை ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். டாக்டரம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, தாம்பத்திய உறவு ஒழுங்காக உண்டா என்ற அர்த்தத்தில், "காண்டாக்ட் ரெகுலர் ஹை நா?" என்று கேட்டார். "ஹான் ஜி" என்றாள் மைனி. "என்ன கேட்டாவ?" என்றாள் அம்மா. "ஒண்ணும் இல்ல மாமி. நேரா நேரத்துக்குச் சாப்பிடுகியான்னு கேக்காவ." அம்மா உடனே டாக்டரைப் பார்த்து, மைனி சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று தமிழில் புகார் சொன்னாள். நான் சிரித்தேன். மைனியும் சிரித்தாள். உள் பரிசோதனை என்று பேச்சு வரும் நாளெல்லாம் அவளுக்கு மாதவிடாயாக இருந்தது. அதையும் அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மொட்டைமாடியில் அவள் சொன்னது இவ்வளவுதான். அந்த நான்கு வருடத்தில் ஒருமுறைகூட முடியவில்லை. முயன்றபோதெல்லாம் சுவரில் மோதுகிற மாதிரி இருக்கும். வலி உயிர் போகும். முதல் மாதங்களில் அண்ணன் பொறுமையாகத்தான் இருந்தான். பிறகு அவனுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது, தன்னைப் பிடிக்காததால்தான் இவள் இப்படி இறுகிப்போகிறாள் என்று. போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு ஒருநாள் "நீ ஃப்ரிஜிட்" என்றானாம். குளிர்ந்துபோனவள், மரத்துப்போனவள். மருத்துவப் புத்தகங்களே ஒரு காலத்தில் பெண்கள்மேல் ஒட்டிய சீட்டு அது. ஆசை வராதவள், வலிக்கிறவள், பயப்படுகிறவள், புருஷனை வெறுக்கிறவள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சொல். அதில் வைத்தியம் கிடையாது, வசவு மட்டும்தான் உண்டு. புத்தகங்கள் அதைக் கைவிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் புத்தகம் கைவிட்ட சொல்லைப் படுக்கையறைகள் அத்தனை சீக்கிரம் விடுவதில்லை. "எனக்கு இவியள ரொம்பப் பிடிக்கும் மக்கா. அதை எப்படிச் சொன்னாலும் என் ஒடம்பு பொய்யின்னு சொல்லிருது" என்றாள் மைனி.

நர்ஸ்தானே, அவளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பாடப்புத்தகத்தில் எங்கோ ஒரு வரி இருந்திருக்கும் என்றாள். பரீட்சையில் அதை யாரும் கேட்பதில்லை. தினமும் எத்தனையோ பெண்களுக்குக் குழாய் பொருத்தி, பிரசவம் பார்த்து, தையல் பிரித்துவிட்டு வருகிறவள், தன் உடம்புக்கு வரும்போது வெறும் மருமகளாக இருந்தாள். தனக்கு மட்டும்தான் கடவுள் வழியை வைக்காமல் படைத்துவிட்டார் என்றே நம்பியிருந்தாள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பெயர் வைக்கும் அளவுக்கு நிறையப் பேருக்கு இருக்கிறது என்று தெரிந்ததுதான் அவளுக்குப் பாதி மருந்து.

எனக்குக் கேட்கவா வேண்டும்! அடுத்த நாளே தேட ஆரம்பித்துவிட்டேன். தெற்கு டெல்லியில் இடுப்புத் தளத் தசைகளுக்கென்றே பயிற்சி தருகிற ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். பஞ்சாபிப் பெண்மணி, எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. மைனி தனியாகத்தான் உள்ளே போனாள். நான் வெளியே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பிறகு, "உன் ஒடம்பு உன்னக் காப்பாத்தத்தான் பாக்குது, ஆபத்து எதுன்னு மட்டும் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்குன்னு தீதி சொன்னாவ. காப்பாத்துதாம், கேட்டியா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்று அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை.

வைத்தியம் கேட்பதற்கு எளிது. மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தப் பழகுவது, பிறகு மெல்லிசானதிலிருந்து தடித்ததுவரை படிப்படியாக விரிவாக்கிகள். டைலேட்டர் என்பார்கள். வழவழப்பான விரல் மாதிரி இருக்கும். உடம்பு ஒவ்வொன்றாகப் பழகி, இது ஆபத்து இல்லை என்று கற்றுக்கொள்ள வேண்டும். அவசரப்படுத்தினால் பின்னால் போய்விடும். மைனி அவற்றை ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரிக் கழுவி, துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பாள். எங்கே வைப்பது? அம்மா எப்போது வருவாள் என்று தெரியாது. வந்தால் பீரோவிலிருந்து பருப்பு டப்பாவரை அடுக்கி வைக்காமல் ஓயமாட்டாள். கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை அப்போதுதான் பரணில் ஏற்றியிருந்தோம். மைனி அதில் வைத்தாள், மாதாவுக்கும் சூசையப்பருக்கும் மூன்று ராஜாக்களுக்கும் ஆட்டிடையர்களுக்கும் நடுவில். "டிசம்பர் வரைக்கும் இவியள யாரும் எழுப்பமாட்டாவ. அதுக்குள்ள எனக்குத் தீந்துரும்" என்றாள். தினமும் ஸ்டூலைப் போட்டு ஏறி எடுப்பாள். "ராஜாக்களே, கொஞ்சம் கண்ண மூடிக்கிடுங்க" என்று அவள் சொல்வது என் அறைக்குக் கேட்கும்.

அண்ணனிடம் அவளே சொன்னாள். சொல்லைக் கற்றுக்கொடுத்தாள், தீதி வரைந்து கொடுத்த படத்தைக் காட்டினாள். அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு "அச்சா" என்றானாம். அந்த வருடம் மைனி நடந்த நடையே வேறு. நடுவில் ஒரு தடவை ரொம்ப வலித்து, பயந்து, சில மாதங்கள் விட்டுவிட்டாள். மறுபடி தொடங்கினாள். கடைசிக் கட்டத்தில் கணவனும் வர வேண்டும், இருவரும் சேர்ந்து பழக வேண்டும் என்று தீதி சொன்னார். அண்ணன் வருகிறேன் என்றான். ஆபீஸில் ஆடிட் முடியட்டும் என்றான். தீபாவளிக் கூட்டம் குறையட்டும் என்றான். பனி விலகட்டும் என்பான் போலிருந்தது. மைனி குடில் பெட்டியிலிருந்து ஆட்டிடையர்களை விலக்கிக்கொண்டே இருந்தாள்.

டிசம்பரில் அம்மா வந்தாள். டெல்லி வீட்டில் குடில் கட்டுவது கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான். மைனி அந்தக் கணக்கில் இருந்துவிட்டாள். ஊர்க் கணக்கு வேறு. எங்கள் பக்கம் குடிலுக்குப் பச்சைப்பசேலென்று வயல் வேண்டும். அதற்கு முன்கூட்டியே தட்டில் மண் போட்டுக் கேப்பையும் நெல்லும் தெளித்து முளைக்கப் போட வேண்டும். சுரூபங்கள், அந்தக் குடில் பொம்மைகள், எவ்வளவு பெரிது, எத்தனை தட்டு வேண்டும் என்று பார்க்க, வந்த இரண்டாம் நாளே அம்மா பெட்டியை இறக்கச் சொன்னாள். அண்ணன்தான் இறக்கினான். மைனி டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சுரூபங்கள் எல்லாம் வரிசையாகப் பேப்பர்மேல் நின்றன. அந்த வெள்ளைத் துணியும் பிரிந்து கிடந்தது.

"இது என்ன எழவு?" என்று அம்மா கேட்டாள். மைனியிடம் கேட்கவில்லை, மகனிடம் கேட்டாள்.

இந்த இடத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு எல்லாம் தெரியும். ‘டாக்டர் குடுத்த சாமான், பெட்டியில போடும்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மா திட்டிக்கொண்டே மண் அள்ளப் போயிருப்பாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, மைனி கற்றுக்கொடுத்த அதே சொல்லை, அவள் உச்சரித்த மாதிரியே சுத்தமாகச் சொன்னான். "வஜினிஸ்மஸ்னு ஒரு வியாதி. அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே உண்டு. எங்களுக்குள்ள இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கல."

அம்மாவுக்கு அந்தச் சொல்லில் பாதிகூட வாயில் வரவில்லை. ஆனால் வியாதி என்பதும், முன்னாலேயே என்பதும் நன்றாக வந்தன. "வியாதிய மறைச்சா கட்டிக் குடுத்தாவ? என் மவன் இத்தன வருசம் சாமியார் மாதிரியா கெடந்தான்?" மைனி வாசலிலேயே நின்றாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. அவளுக்கு விடுதலை மாதிரிக் கிடைத்த சொல் என் கண்ணெதிரில் குற்றப்பத்திரிகையாக மாறியது. அன்று மாலையே அம்மா அந்தத் துணியை அப்படியே சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். மறுநாள் அம்மா குடிலுக்கு முளைக்கப் போட்ட கேப்பை மட்டும் கிறிஸ்துமஸுக்குள் நன்றாக வந்திருந்தது. அந்த வருடம் குடில் கட்டவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். விவாகரத்து என்ற பேச்சு எங்கள் வீட்டில் வராது. ஆனால் திருமணம் செல்லவே செல்லாது என்று திருச்சபையிடம் தீர்ப்பு வாங்கலாம். தாம்பத்தியத்துக்கே இயலாத நிலை திருமணத்துக்கு முன்பே இருந்தது என்று காட்டினால் அப்படி ஒரு வழி உண்டு. அம்மா ஊருக்குப் போன கையோடு விசாரித்துவிட்டாள். அண்ணன் ஆபீஸ் நண்பனின் அறைக்குப் போய்விட்டான். மைனி ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்கு மாறினாள். குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்க, நான் டெல்லியிலேயே முனிர்காவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை பிடித்தேன்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். அந்த நிலை நிரந்தரமானதாக இருக்க வேண்டும், தீரக்கூடியது என்றால் அது காரணமாகாது என்று கண்டுபிடித்தபோது முனிர்காவின் சந்துகளில் ஓடியே போய் மைனிக்குப் போன் செய்தேன். சிக்னல் கிடைக்கும் இடம் சந்து முனையில்தான். "அம்மா போடுற மனு நிக்காது மைனி! தீரும்னு தீதி ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும். கல்யாணத்த யாரும் அசைக்க முடியாது." அவள் கேட்டுவிட்டு, "அவிய வந்தா போதும் மக்கா. நான் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கிடுவேன்" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வழக்கு அவளுக்குப் பெரிதில்லை. அண்ணன் திரும்பி வர வேண்டும்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசைக்குப் பிறகு ஃபாதர் இருவரையும் ஆலயத்து அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். ஊருக்கு மனு எதையும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்றார். இரண்டு பேருக்கும் வேண்டியவள் என்று என்னையும் உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர். அந்தச் சொல்லை அவரும் படித்துவிட்டு வந்திருந்தார், அதைச் சொல்லும்போது மேஜையைப் பார்த்துக்கொண்டார். "இது தீராததாம்மா?" என்று மைனியிடம் கேட்டார்.

"தீரும் ஃபாதர். கிட்டத்தட்டத் தீந்தாச்சு. கடைசியில கொஞ்சம்தான் பாக்கி" என்றாள் மைனி. இதை ஒரு குருவானவரிடம் சொல்கிறோமே என்ற கூச்சம் எதுவும் அவளிடம் இல்லை. டியூட்டி மாற்றிக்கொடுக்கும் நர்ஸ் நோயாளியின் நிலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

ஃபாதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ என்ன! வழக்குக்கே எடம் இல்லியே. சேர்ந்து இருங்க, அவ்வளவுதான்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவன் கையில் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. மைனி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு அவனிடம் கேட்டாள்: "வருவியளா?"

அவன் டீயை மேஜையில் வைத்தான். பிறகு சொன்னான். "எனக்கு இனி முடியாது. உன்ன தொட நெனச்சாலே எனக்குக் கை பின்னால போயிருது. நீ கத்துவியோன்னு பயமா இருக்கு."

அவனுக்கும் ஏதோ ஒன்று இறுகிப்போயிருந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அதற்கும் எங்காவது ஒரு பெயர் இருக்கக்கூடும். அன்று அதைக் கேட்டபோது எனக்கு அவன்மேல் ஆத்திரம் மட்டும்தான் வந்தது. மைனி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வார்டில் ஒருவர் முனகினால் திரும்பிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு ஃபாதர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ தீராதுன்னே எழுதிக்கிடுங்க ஃபாதர்."

"அது பொய்யாயிருமே அம்மா."

"பொய்யில்ல ஃபாதர். இவியகூட எனக்கு இது இனி தீராது."

ஃபாதர் அப்படி எழுதவில்லை. மனு ஊரில் இன்னும் எங்கோ நகர்ந்துகொண்டிருக்கிறது. அண்ணன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டான். என்னோடு பேசுவான், மைனியைப் பற்றிக் கேட்கமாட்டான்.

நான் இப்போது ஓர் ஆலோசனை மையத்தில் வேலை பார்க்கிறேன். மனநலத் துறையின் புதிய கையேட்டில் மைனியின் சொல் தனியாக இல்லை. வலியையும் இறுக்கத்தையும் சேர்த்து நீளமான வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள். எங்கே வலி முடிகிறது, எங்கே பயம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது என்பதால் அதுதான் சரி என்றார் எங்கள் பேராசிரியர். சரிதான். ஆனாலும் என் எதிரில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, எனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று புடவைத் தலைப்பை முறுக்கும்போது நான் பழைய பெயரைத்தான் சொல்கிறேன். சொல்வதற்கு முன் கூட வந்த மாமியாரை வெளியே உட்காரச் சொல்கிறேன். சொன்ன பிறகு, இந்தச் சொல்லை வீட்டில் யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்றும் கேட்கிறேன். அது எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி.

போன ஜூனில் ஒரு மதியம் மைனி கூப்பிட்டாள். ரோட்டுச் சத்தம் கேட்டது, அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள் போல. ஹாஸ்டலில் இருந்துகொண்டே, புதிதாக வாங்கிய சாமான்களோடு தீதியிடம் மறுபடி போய்க்கொண்டிருந்தாள் என்பதையே எனக்கு அதுவரை சொல்லவில்லை.

"இன்னைக்கு லேடி டாக்டர் உள்ள பரிசோதனை செஞ்சாவ மக்கா. மாதவிடாய்னு இந்தத் தடவ சாக்குச் சொல்லல" என்று சிரித்தாள். "ஒண்ணும் வலிக்கல. கொஞ்சம்கூட. இனி வர வேண்டாம்னு தீதி சொல்லிட்டாவ. முடிஞ்சு போச்சு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"யாருக்கிட்ட சொல்லன்னு தெரியல" என்றாள். "ஒனக்குத்தான் அந்தப் பேரு தெரியும். அதான் கூப்பிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் மைனி" என்றேன்.

"ம்" என்றாள். அதற்குப் பிறகும் ரோட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.